உழவு இயந்திரத்தில் ஏறி வந்த கதவுகள்

வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்திடம், உங்கள் பொருட்களுக்கும் காப்புறுதி இருக்கிறது என்று நான் சொன்னேன். இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். ஒரு வருடம் ஆவதற்குள் அந்தப் பொருட்கள் எரிந்துபோயின. வேறு எந்த விதமாகத் தொடங்கினாலும் கதை எனக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும் என்பதால் இப்படியே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் வவுனியா நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முகவராக இருந்தேன். படித்த படிப்புக்கு அரசாங்க வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்த தொழில். சண்டை வந்தது, அரசாங்க வேலை வரவில்லை, சைக்கிளும் தோல் பையுமாக நான் அதிலேயே நின்றுவிட்டேன். பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது. மற்றவர் வீட்டுக்குள் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, அவர்களுடைய கூரையையும் சுவரையும் பற்றிக் கதைப்பது ஒரு சுகமான வேலை. அந்த நாட்களில் வவுனியாவில் பாதிப் பேர் வீட்டுக்காரர், மீதிப் பேர் வாடகைக்காரர். வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் சனம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, பின்னுக்குச் சாய்ப்பாகப் பத்தி இறக்கி மூன்றாக்கி, எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"ஷெல் விழுந்தால் தருவியளோ?"

"இல்லை."

"குண்டு போட்டால்?"

"அதுக்கும் இல்லை. யுத்தத்தால வாற சேதத்துக்கு ஒரு கம்பனியும் தராது."

"அப்ப என்னத்துக்குத்தான் தருவியள்?"

"நெருப்பு, மின்னல், புயல். மேலதிகமாக் கட்டினால் வெள்ளம், களவு."

சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒருவர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மின்னலோ? மற்றதெல்லாம் வரிசையில நிக்கேக்குள்ள மின்னலுக்கு எங்க இடம்?" கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சண்டைக் காலத்திலும் அடுப்பு எரியத்தான் செய்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் குப்பி விளக்குகள் கவிழத்தான் செய்தன. அதை அவருக்குச் சொன்னேன். அவர் கடைக்கு ஒரு காப்புறுதி எடுத்துக்கொண்டார்.

சொந்த வீட்டில் இருப்பவருக்கு ஒன்று, வாடகைக்கு இருப்பவருக்கு வேறொன்று என்பதை விளங்கவைப்பதுதான் கடினம். வீட்டுக்காரருக்குக் கட்டடத்தின் மேல் காப்புறுதி வேண்டும். அதை வளவின் விலைக்குப் போடக்கூடாது. நிலம் எரியாது. அந்த வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்குத்தான் போடவேண்டும். உள்ளே இருக்கும் தன்னுடைய தளபாடங்களுக்கு அவர் தனியாகச் சேர்க்கவேண்டும். வாடகைக்காரருக்குக் கட்டடத்தைப் பற்றிய கவலை இல்லை. அவருக்குத் தன் சாமான்களுக்கு, தன் பெயரில், தனியாக ஒன்று வேண்டும். வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய காப்புறுதி வைத்திருந்தாலும் அதிலிருந்து வாடகைக்காரரின் ஒரு சட்டிக்குக்கூட ஒன்றும் வராது.

கட்டடம் எது, சாமான் எது என்று கேட்பவர்களுக்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். "இடம்பெயரேக்குள்ள உழவு மிசின் பெட்டியில ஏறுறது சாமான். ஏறாமல் நிக்கிறது கட்டடம்." எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் அந்தப் பெட்டியில் ஏற்றி இறக்கியவர்கள்தானே. இந்த விளக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொய் சொன்ன வீட்டுக்கு வருகிறேன். அது குளக்கட்டுப் பக்கம் போகும் ஒழுங்கையில் இருந்த ஓட்டு வீடு. வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில். ஊருக்கெல்லாம் அவர் ரீச்சர், எனக்கும் ரீச்சர். முன்பாதியில் அவர் இருந்தார். பின்பாதியில் ஒரு கணவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, நகருக்கு வடக்கே காடு வெட்டி, வயல் செய்து, கல்வீடு கட்டியவர்கள். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அந்த வீட்டை விட்டு வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் கொண்டுவந்தது கதவுகளை. இது எங்கள் பக்கத்தில் புதுமை அல்ல. விட்டுவிட்டு வரும் வீட்டில் முதலில் காணாமல் போவது கதவும் யன்னலும்தான் என்பதால், வசதி உள்ளவர்கள் தாங்களே கழற்றி ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்த மனிதர் ஏற்றியது கொஞ்சம் அதிகம். முன்கதவு, அறைக் கதவுகள், யன்னல்கள், சுவரை இடித்து எடுத்த நிலைகள், கூரையில் நல்லதாக இருந்த வளைகள், எல்லாம் வைரம் பாய்ந்த முதிரை மரம். பெட்டியில் அதற்குப் பிறகு வேறெதற்கும் இடமில்லை.

"எல்லாரும் சட்டி பானைய ஏத்துனாங்க. இவரு கதவ ஏத்துனாரு," என்று அந்த மனைவி என்னிடம் முதல் நாளே சொன்னார். "இங்க வந்து ஒரு மாசம் ரீச்சரம்மா சட்டியிலதான் சோறு. கதவத் தொறந்து வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தா பசி போயிருமுன்னு நெனச்சாரு போல."

கணவர் சிரிக்கவில்லை. "ஐயா, எங்கப்பா தேயிலத் தோட்டத்து லயத்துல, ஒரே அறைக் காம்பராவுல பொறந்து அதுலயே செத்தாரு. அந்தக் காம்பராக் கதவு கம்பனிக்காரன்து. கதவுல ஆணி அடிக்கணுமுன்னாலும் தொரைகிட்டக் கேக்கணும். இது நம்ம கதவு," என்றார்.

வீட்டுக்குப் பின்னால் குசினி தனியாக இருந்தது. மண்சுவர், தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்; புகை வீட்டுக்குள் வராது. குசினியோடு சேர்த்து இறக்கிய பத்தியில்தான் அந்த மரங்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. கறையான் ஏறாமல் இருக்கக் கீழே கல் வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை உழவு இயந்திரத்துக் கழிவு எண்ணெயைத் துணியில் நனைத்து அவர் பூசுவார். ஒவ்வொரு கதவாகப் புரட்டிப் பூசும்போது பார்த்தால் மாட்டைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி இருக்கும்.

மகன் கடிதத்தில் வற்புறுத்தியதால் ரீச்சர் வீட்டுக்குக் காப்புறுதி போட என்னைக் கூப்பிட்டார். ஒரு காலை நேரம். முன்விறாந்தையில் ரீச்சரும் நானும் கதிரைகளில் இருந்தோம். வாடகைக்காரர் இருவரும் கதவடியில் நின்றார்கள். நான் எது எதற்கு என்று விளக்கிக்கொண்டு வந்தேன். கட்டடத்துக்கு ஒன்று போடுவது என்று ரீச்சர் முடிவு செய்தார். அங்கேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்போது அந்த மனைவி கேட்டார்.

"ஐயா, நம்ம கதவு யன்னலெல்லாம் பின்னால கெடக்கே. அதுக்கும் இதுல சேர்த்துத்தானுங்களே?"

நான் அப்போது சொல்லியிருக்கவேண்டியது ஒரே ஒரு வசனம். இல்லை, உங்களுக்குத் தனியாக ஒன்று எடுக்கவேண்டும். அதைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். கிடுகுக் கூரை உள்ள கட்டடம் வளவில் இருந்தால் எங்கள் நிறுவனம் வருடாவருடம் கட்டும் கட்டுப்பணத்தைக் கூட்டும், அல்லது மறுத்துவிடும். ரீச்சரின் விண்ணப்பத்தில் நான் ஓட்டு வீடு என்று மட்டும் எழுதி, குசினியை விட்டுவிட்டிருந்தேன். முகவர்கள் பலர் அப்படிச் செய்தோம். ஓட்டு வீட்டுக்கு யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனால் மரச்சாமான்களுக்கு வாடகைக்காரர் பெயரில் ஒன்று எழுதினால், அதைப் பார்க்கக் கிளையிலிருந்து ஆள் வருவார். வந்தால் குசினியைக் காண்பார். என் கைக்கு வந்த ரீச்சரின் காப்புறுதியும் போய்விடும். அந்த வருடக் கணக்கு முடிவதற்கு முன் எனக்கு இன்னும் சில காப்புறுதிகள் தேவையாக இருந்தன. அவ்வளவுதான். பட்டினி இல்லை, நோய் இல்லை, வேறு நெருக்கடியும் இல்லை.

"ஓம், எல்லாம் இதுக்குள்ள அடங்கும்," என்றேன். "கட்டடம் எண்டால் கதவு யன்னலும் சேர்த்துத்தானே."

உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்த கதவுகள். என் சொந்த விளக்கத்தின்படியே அவை சாமான். அதை நான் அந்தக் கணத்திலேயே நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரீச்சரம்மா, நம்மளும் ஒரு பங்கு கட்டணுமுங்களே. நம்ம பொருளும் இருக்குதே," என்றார்.

"உமக்கென்ன விசரோ? என்ர வீட்டுக்கு நீர் ஏன் கட்டுவான்?" என்றார் ரீச்சர்.

"இல்லைங்க. அப்பதான் அது நம்மளுதுமாதிரி இருக்கும்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தில் திகதியை எழுதிக்கொண்டிருந்தேன். "சரி, மனசுக்கு நிம்மதியெண்டால் தாரும்," என்றார் அவர். அவர்களும் ஒரு பங்கு கொடுத்தார்கள். வாங்கிப் பையில் வைத்தேன். மனைவி பாலில்லாத பிளேன்ரீயும் தேங்காய் ரொட்டியும் கொண்டுவந்தார். அதையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டோடு எனக்கு நெருக்கம் கூடியது. ஒழுங்கையால் போகும்போதெல்லாம் அந்த மனைவி கூப்பிட்டு எதையாவது கையில் தருவார்: ஒரு கட்டுக் கீரை, முருங்கைக்காய், ஒருநாள் உயிரோடு ஒரு சேவல். "ஐயா நம்ம கதவுக்குக் காவல்காரரு," என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பார். ரீச்சரும் அவரும் பகல் முழுவதும் ஒருவரை ஒருவர் நையாண்டி செய்துகொண்டே இருப்பார்கள். கறியில் தூள் கூடிப்போச்சு என்று ரீச்சர் சொல்வார். ரீச்சரம்மா கறியில் தூளே இல்லை, கறி மட்டும் குளிச்சிட்டு வந்து நிக்குது என்று அவர் சொல்வார். நான் அங்கே போனால் எழுந்து வர மனம் வராது. அந்தப் பொய் என்னை உறுத்தியதா என்று கேட்டால், முதல் இரண்டு மூன்று மாதம் உறுத்தியது. பிறகு, எரியப்போகிறதா என்ன என்று நினைக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் கணவர் என் வீட்டுக்கே வந்தார். அந்த நாட்களில் அவர் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆலைக்காரர் தன்னுடைய தகரக் கொட்டிலில் ஒரு மூலை தருவதாகச் சொன்னாராம், மரங்களை அங்கே கொண்டுபோய் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார்.

"அடுப்புக்குப் பக்கத்துல கெடக்குதேன்னு ஒரு யோசனைங்க."

நான் அவசரமாக எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தேன். இடம் மாற்றுவதென்றால் எழுதியதை மாற்றவேண்டும் என்று அவர் கேட்பார், கிளைக்குப் போவோம் என்பார் என்று பயந்தேன். "அங்கயே இருக்கட்டும் அண்ணை. இருந்த இடத்தில இருக்கிறதுதான் நல்லது," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முதல் பொய்யைவிட இந்தச் சொல்தான் என்னை இன்றைக்கும் அதிகமாகச் சுடுகிறது.

ஆவணி மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அந்த மனைவி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். காற்று ஒரு சுழி சுழித்து அடுப்பிலிருந்து பொறியை அள்ளிக் கிடுகில் போட்டுவிட்டது. கிடுகு எரிவதற்கு நேரம் தேவையில்லை. பத்தியில் இருந்ததோ எண்ணெய் குடித்த மரம். அயலவர் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றி, வீட்டின் பின்பாதிக் கூரையில் ஒரு பகுதியோடு நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை.

செய்தி கேட்டு நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. மாமரத்தின் கீழே ரீச்சர் கதிரையில் இருந்தார், அவருடைய தோளில் யாரோ நனைந்த துவாயைப் போட்டிருந்தார்கள். கணவர் பத்தி இருந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதிரை மரம் மெதுவாகத்தான் எரிந்து முடியும். கதவுகளின் வடிவம் அப்படியே தெரிந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக, கரியாக. மனைவியின் முகம் முழுவதும் சாம்பல். என்னைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது.

"இந்தா பாருங்க, ஐயா வந்துட்டாரு," என்று கணவரின் கையைப் பிடித்தார். "நான்தான் சொன்னேன்ல. எரிஞ்சது எரியட்டும். ஐயா எழுதி வச்சிருக்காரு. செஞ்சுக்கலாம். ஐயா, நெல்லு அவிச்சது நான்தான். என்மேலதான் பெழை. அதுனால ஒண்ணும் கொறைக்க மாட்டாங்களே?"

குறைக்கமாட்டார்கள் என்று தலையாட்டினேன். அன்றும் சொல்லவில்லை. அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். அதற்குள் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். சேதத்தை மதிப்பிடுபவர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. அவர் வாயிலிருந்து அவர்கள் கேட்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. மூவரும் முன்விறாந்தையில் இருந்தார்கள். எனக்கும் கதிரை போட்டிருந்தது. நான் இருக்காமல் நின்றுகொண்டே சொன்னேன். இந்தக் காப்புறுதி ரீச்சரின் கட்டடத்துக்கு மட்டும். உங்கள் கதவுகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதே தெரியும்.

கணவர் ரீச்சரைப் பார்த்தார். பிறகு மனைவி கேட்டார், "அப்ப அன்னைக்கு ஏன் ஓமுன்னு சொன்னீங்க?"

ஆள் வந்து பார்ப்பார், குசினியைக் காண்பார், ரீச்சரின் காப்புறுதி கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன் என்றேன்.

"அதுக்கா?" என்றார். "அதுக்குத்தானா?"

பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. என்னிடம் இருந்தது அதுதான். "அவ்வளவுதான்," என்றேன்.

கணவர் எழுந்து பின்பக்கம் போனார். சாம்பலுக்குள் எதையோ கிளறும் சத்தம் கேட்டது. எரிந்த கதவுகளின் இரும்புப் பிணைச்சல்களையும் கொண்டிகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ரீச்சர்தான் கத்தினார். "நீர் என்னையும் கள்ளி ஆக்கிப்போட்டீர் தம்பி. இதுகளின்ர காசையும் வாங்கிக்கொண்டெல்லோ நான் என்ர கூரைக்குக் காப்புறுதி எடுத்தனான்? நான் இங்கிலீசு படிப்பிச்சவள். அந்தக் கடதாசியில ஒரு வரி வாசிக்கேல்லை. ஏன் தெரியுமோ? நீர் சொன்னால் சரியாயிருக்கும் எண்டு." பிறகு குரல் தணிந்து, "இரும். நிண்டுகொண்டு என்னத்தைச் செய்யப்போறீர்?" என்றார். நான் இருக்கவில்லை.

அன்றே கிளைக்குப் போய் முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்ட மனிதரல்ல. கதவைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு வழி காட்டினார். காப்புறுதி எடுத்த பிறகு வாடகைக்காரர்கள் தாங்களாகவே அந்தக் குசினியைக் கட்டினார்கள் என்று நான் எழுதிக்கொடுத்தால், ரீச்சருக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை. "அவையளுக்கு எப்பிடியும் ஒண்டும் வரப்போறேல்லைத்தானே," என்றார். அது சரிதான். அந்தச் சரியான பேச்சைக் கேட்டபோதுதான் இப்படியே போனால் நான் எங்கே போய் நிற்பேன் என்று தெரிந்தது. குசினி முதலே இருந்தது, கண்டேன், எழுதாமல் விட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் முகவர் வேலை போயிற்று. பிழை முகவருடையது என்பதால் ரீச்சரின் ஓட்டுக் கூரைக்கு நட்டஈட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாடகைக்காரர் கட்டிய பங்கை ரீச்சர் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். கூரை செய்யும்வரை அவர்களைத் தன் பாதியில், தன் அறைக்குப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டார்.

கதவுகளுக்கு நான் என்ன செய்வது? புதிதாகச் செய்விக்க முதிரை வாங்கும் நிலையில் நான் இல்லை, வேலையும் இல்லை. யோசித்து யோசித்து, என் வீட்டு முன்கதவையும் இரண்டு யன்னல்களையும் கழற்றுவது என்று முடிவு செய்தேன். அவையும் முதிரைதான், என் மாமனார் போட்டது. என் மனைவிக்குப் பொய்யும் தெரியும், நெருப்பும் தெரியும். கழற்றவேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் தகரத்தைச் சாத்திக் கட்டியபோது மட்டும், "நல்லது. இனி நாயும் கோழியும் உங்களைக் கேட்டுக்கொண்டுதானோ உள்ள வரப்போகுதுகள்?" என்றார்.

ஒரு கைவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ரீச்சர் வீட்டு முற்றத்தில் இறக்கினேன். கணவர் வந்து பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. கதவை நிமிர்த்தி, சாண் வைத்து அளந்தார். கையால் தடவினார்.

"நல்ல மரம்," என்றார்.

"உங்களுக்குத்தான் அண்ணை."

"இது உங்க நெலைக்கு அளவெடுத்த கதவுங்க. விட்டுட்டு வந்த நம்ம ஊட்டு வாசலுக்கு ஒசரம் பத்தாது."

"நிலையையும் கழட்டித் தாறன்."

அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் இருந்தது. "ஐயா வீட்டம்மா தகரத்தத் தொறந்து மூடிக்கிட்டிருக்க, நான் இந்தக் கதவப் போட்டுக்கிட்டு எப்புடிப் படுக்குறது?" என்றார். கைவண்டியில் தானே திரும்ப ஏற்றினார். என்னைத் தள்ள விடவில்லை. தானே தள்ளிக்கொண்டு வந்து, கதவையும் யன்னல்களையும் எங்கள் வீட்டில் திரும்பவும் பூட்டிக்கொடுத்தார். பிணைச்சல் ஒன்று வளைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றினார். சாம்பலில் பொறுக்கியதில் ஒன்று. கறுப்பாக இருந்தது. என் மனைவி தந்த தேத்தண்ணீரைக் குடித்தார். நான் தந்ததாக இருந்தால் குடித்திருப்பாரோ தெரியாது.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "எனக்குக் கதவு வேணாமுங்க. வேற ஒண்ணு செய்ங்க. மறுபடி மரம் சேக்கப்போறேன். ஒண்ணு ரெண்டா சேரும். அதுக்கும், எம் பொண்டாட்டி தையல் மெசினுக்கும், என் சைக்கிளுக்கும் எங்க பேர்ல ஒரு காப்புறுதி போடணும். வேற கம்பனியில. எழுதி வர்ற கடுதாசிய வாசிக்க நீங்க வரணும். ஒரு எழுத்து விடாம."

சில மாதம் கழித்து அதைச் செய்தார்கள். புதிதாகச் சேர்த்த மரங்கள் அரிசி ஆலைத் தகரக் கொட்டிலில் இருப்பதாகவும், குசினி கிடுகுதான் என்றும், ரீச்சர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாகவும் எல்லாவற்றையும் எழுதவைத்தார்கள். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டுப்பணம் கொஞ்சம் அதிகம்தான். கடதாசி வந்த நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

அதே விறாந்தை. நான் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். எதற்குத் தருவார்கள் என்ற பகுதி சின்னது. எதற்குத் தரமாட்டார்கள் என்ற பகுதி பெரியது. முகவராக இருந்தபோது அந்தப் பெரிய பகுதியை நான் யாருக்கும் முழுவதாக வாசித்துக் காட்டியதில்லை.

"யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டுக் குழப்பம், இதுகளுக்கு இல்லை," என்றேன்.

"அது தெரியும். மேல போங்க," என்றார் கணவர்.

"வேறை இடத்துக்குக் கொண்டுபோனால் அறிவிக்கவேணும். அறிவிக்காட்டி இல்லை."

"அத ரெண்டாந்தரம் சொல்லுங்க ஐயா," என்றார் மனைவி. சொன்னேன்.

"நம்ம ஊட்டுக்குத் திரும்பிப் போயி, இந்த மரத்துல கதவு செஞ்சு நெலையில மாட்டிட்டோமுன்னா?" என்று மனைவியே கேட்டார்.

"அப்ப அது சாமான் இல்லை, கட்டடம். நீங்கள் வீட்டுக்காரர். இது செல்லாது. அதுக்கு வேறை ஒண்டு எடுக்கவேணும்."

அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். நெருப்புக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கண்ட முதல் சிரிப்பு. "அப்ப வேற ஒண்ணு எடுத்துக்கலாம்," என்றார்.

கடைசி வரிவரைக்கும் வாசித்துக் கடதாசியை மடித்து நீட்டினேன். கணவர் வாங்கினார். விரித்தார். எழுந்து போய், கதிரையில் இருந்த ரீச்சரின் கையில் கொடுத்தார்.

"ரீச்சரம்மா, நீங்களும் ஒருதரம் வாசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

என் கண் முன்னாலேயே கொடுத்தார். மறைக்கவில்லை, நக்கலாகவும் செய்யவில்லை. ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். நான் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு வரியாக அவர் சொல்லச் சொல்ல, கணவர் என் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டுவந்து, முதலில் ரீச்சருக்கும் பிறகு எனக்கும் தந்தார்.

பிறகு வந்த வருடங்களில் ஒவ்வொரு தடவை அதைப் புதுப்பிக்கும்போதும் என்னைக் கூப்பிட்டார்கள். கீரையும் முருங்கைக்காயும் திரும்பவும் வரத் தொடங்கின. கறித்தூள் சண்டையும் என் முன்னாலேயே நடந்தது. ஒவ்வொரு தடவையும் நான் முழுவதும் வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் நான் முடித்ததும் கணவர் கடதாசியை வாங்கி ரீச்சரிடம் கொடுத்தார். ஒருநாளாவது அவர் அதைச் செய்யாமல் விடுவார் என்று முதலில் எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை. பிற்பாடு, ரீச்சர் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, நான் எதையும் விடவில்லை என்று ரீச்சர் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்து சைக்கிளை எடுப்பேன்.